சூரினாமிலிருந்து வந்த மரக்கிளை

தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவை வேறு பெருகிவிட்டன. ஆனால் சூரினாம் என்ற நாட்டைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் நிறுத்தாமல் பத்து நிமிடம் பேசுவேன். தென் அமெரிக்காவிலேயே சின்ன நாடு அது. வடக்கே கடல், தெற்கே பிரேசில், இருபுறமும் கயானா என்றே பெயர் கொண்ட இரண்டு நிலங்கள். பத்தில் ஒன்பது பங்கு காடு. ஜனங்கள் கடலோரத்தில் பாவாடைக் கரைபோல ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டுத் திருப்பூர், ஓசூர், சூரத் என்று கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டிருக்கும் எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. ஜேசிபி ஓட்டுகிறவர். திருத்தணியைச் சுற்றி அவர் தோண்டாத ஏரி இல்லை, இடிக்காத பழைய வீடு இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டின் முன்னறையில் அவரும் அத்தையும் இருந்தார்கள். பின்னறையில் நானும் அம்மாவும். நைனா லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஏஜெண்டு மாமாவைப் பிடித்தான். வெட்டிய மரங்களைக் காட்டிலிருந்து தூக்கி லாரியில் அடுக்குகிற வண்டி ஓட்ட ஆள் வேண்டும், இரண்டு வருடக் காண்ட்ராக்ட் என்றான்.

நாட்டின் பெயர் எங்கள் தெருவில் ஒரே நாளில் பரவியது. எதிர்வீட்டுப் பூக்காரம்மாதான் முதலில் ஆரம்பித்தாள்.

"இன்னாது, சூரி நாமமா? ஊரு பேர்லயே நாமத்த வெச்சிகினு கீறான் ஏஜெண்டு. இன்னுமா அவன நம்புற?"

"நாமம்னா திருப்பதி பக்கந்தானக்கா. பஸ்ஸு புடிச்சி வந்துடுவேன்" என்றார் மாமா.

அந்த நாட்டின் தலைநகர் பாரமாரிபோ. அதைக் கேட்டு அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மாமாவை பாவா என்றும் அம்மாவை வதினா என்றும் கூப்பிடுவாள். "மாரிபோன்னா எங்க தெலுங்குல மாறிப்போயிடுன்னு அர்த்தம். பாவா, நீங்க போயி மாறிப்போயிடாதீங்க."

இப்படித் தெரியாத ஊர்ப்பெயரில் தெரிந்த சொல்லைத் தேடுவது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. மாமா விமானம் ஏறுகிறவரை அதை விளையாடினோம். எல்லாரையும்விட அதில் கெட்டிக்காரி நான்தான் என்று எனக்கு எண்ணம்.

அத்தைக்கும் எனக்கும் இன்னொரு விளையாட்டு உண்டு. மலைக்கோயிலுக்கு முன்னூற்று அறுபத்தைந்து படி. அத்தையோடு ஏறினால் அவள் படிகளை இந்தியில் எண்ணுவாள். ஏக், தோ, தீன், சார். நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவேன். இருபதுக்கு மேல் எனக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். எப்படி மறக்காமல் சொல்கிறாய் என்று கேட்டால், "எங்க இந்தி சாரு முட்டி போட வெச்சி கத்துக்குடுத்தது. மறக்குமா?" என்பாள்.

அங்கே போனதிலிருந்து மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசினார். நமக்குச் சாயங்காலம் நாலரை, அவருக்குக் காலை எட்டு. அத்தையின் போனைத் தண்ணீர் டிரம்மின் மூடியில் வைத்து ஸ்பீக்கரில் போடுவோம். முதல் ஐந்து நிமிடம் அத்தை தனியாகப் பேசுவாள். பிறகு எங்கள் முறை. மாமாவுக்குச் சொல்வதற்கு ஆள் வேண்டும். கேட்பதற்கு நான் இருந்தேன்.

"இங்க தரையே தெரியாது பாப்பா, ஒரே பச்ச. மழ பேஞ்சிகினே கீது. ஆறு டீ கலர்ல ஓடுது. வருசத்துல ரெண்டு தபா மழகாலம், ரெண்டு தபா வெயிலு."

"ஜனங்க?"

"ஜனங்களா? நம்ம மூஞ்சி மாதிரியே கீறாங்க. பேசனா ஒரு எழவும் புரியல. நூறு நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி கரும்பு வெட்ட வடக்கேருந்து கப்பல்ல இட்டுனு வந்தாங்களாம். நம்ம திருவாலங்காட்டுல ஆலைக்கு வெட்டுறாங்களே, அதே கரும்பு. அஞ்சு வருச காண்ட்ராக்டு. கன்த்ராக்கின்னே அவுங்களுக்குப் பேரு. அஞ்சு வருசம்னு வந்தவன் பேரனுக்குப் பேரன் இன்னும் இங்கயே கீறான்."

அந்த ஜனங்களை ஏற்றி வந்தவன் சூரினாம் என்று சொல்லவில்லையாம், ஸ்ரீராம் தேசம் என்று சொன்னானாம். ராமன் ஊருக்குப் போகிறோம் என்று நம்பிக் கப்பலேறியிருக்கிறார்கள். "அவுங்களுக்கு ராமரு, எனக்கு நாமம்" என்று மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நான் ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல இயற்கை அமைப்பு, மக்கள், தொழில் என்று மூன்று தலைப்பு. மக்கள் என்பதன் கீழே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிக் காட்டுக்குள் ஓடிப்போன ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகள், ஜாவாக்காரர்கள், சீனர்கள், எல்லாருக்கும் முன்னாலேயே இருந்த செவ்விந்தியர்கள். ஆபீஸில் பேசுவது டச்சு. தொழில் என்பதன் கீழே, அலுமினியம் எடுக்கிற செம்மண், தங்கம், மரம், நெல். செம்மண் ஆலையை மூடிவிட்டார்கள் அல்லது மூடப்போகிறார்கள், மாமாவுக்கே சரியாகத் தெரியவில்லை. தங்கம் எடுக்கிற இடத்தில் பாதரசம் கலந்து ஆற்று மீனைச் சாப்பிடக்கூடாது என்றார். அந்தச் செம்மண் ஆலைக்குக் கரண்ட் எடுக்க அணை கட்டி ஒரு பெருங்காட்டையே மூழ்கடித்திருக்கிறார்கள். மரங்களை வெட்டாமலேயே தண்ணீரை விட்டார்களாம். ஏரி நடுவே மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, கிளை இல்லை, இலை இல்லை என்றார் மாமா. அவர் குரல் அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் அதை இயற்கை அமைப்பில் எழுதுவதா தொழிலில் எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா தங்கியிருந்த முகாமில் சமைப்பது ஒரு வயதான அம்மா. கப்பலில் வந்தவர்களின் வம்சம். மாமா அவளை மௌசி என்று கூப்பிடுவார், சித்தி என்று அர்த்தமாம். அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி ஒருநாள் போனை அவளிடம் கொடுத்தார். "சோறு! மரம்! போதும்!" என்று அவள் கத்தினாள். எங்கள் தெருவே சிரித்தது. அதற்குப்பிறகு வாராவாரம் மௌசியிடம் ஒரு புதுச் சொல் கேட்போம். ஒருமுறை மாமாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட, அவள் நம்பரிலிருந்தே பேசினார். அதையும் அத்தை பதிந்துவைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர் தென் அமெரிக்காவில் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது வகுப்பே பிரேசில் பிரேசில் என்றது. நான் எழுந்து சூரினாமைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடித்ததும், "எங்கருந்துமா இவ்ளோ தெரிஞ்சிகின?" என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அந்த நாட்டின் பிரதிநிதி நான்தான். பூக்காரம்மாகூட என்னிடம், "உங்க ஊருல மழ நின்னுதா?" என்று கேட்பாள்.

ஆனி மாதக் கடைசியில் மாமா பேசவில்லை. அடுத்த ஞாயிறும் பேசவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு டிரம்மின்மேல் போனை வைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் நம்பர் போகவே இல்லை. மௌசி நம்பர் அடித்து அடித்து நின்றது. ஏஜெண்டு, காட்டில் டவர் இருக்காது என்று ஒரு தடவை சொன்னான். மறு தடவை போனை எடுக்கவில்லை.

தெரு சும்மா இருக்காது. "இன்னாமே, சூரிநாமத்த ஏஜெண்டு போட்டானா, உங்க வூட்டுக்காரரே போட்டுட்டாரா? அங்க ஒருத்தி சமச்சிப் போடுறாளாமே" என்றாள் பூக்காரம்மா. அவள் கெட்டவள் இல்லை. வாய் அப்படி.

"அந்தம்மாவுக்கு அறுவது வயசுக்கா. உங்க வயசுதான்" என்றாள் அத்தை. அதோடு நிறுத்தாமல், ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கிறேன், அதற்கு நீயே பூக் கட்டிக்கொடு என்று அங்கேயே சொல்லிவிட்டாள். மாமாவிடமிருந்து நல்ல சேதி வரவேண்டும் என்பதுதான் வேண்டுதல். கையில் காப்புக் கட்டி, மஞ்சள் புடவை உடுத்தி, ஒருவேளைச் சாப்பாடு. வீட்டில் தீட்டு வந்துவிடக்கூடாதே என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு பெரியப்பா படுத்தபடுக்கையாகக் கிடந்தார். கிருத்திகை முடிகிறவரை அவர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அம்மா நினைத்தாள். சாவு அந்தத் திசையிலிருந்துதான் வரும் என்று எல்லாரும் நினைத்தோம்.

கிருத்திகைக்கு முதல்நாள் பரணி. தெருவெல்லாம் மொட்டைத் தலையும் மஞ்சள் துணியுமாகச் சரவணப் பொய்கையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் காதைப் பிளந்தது. நாலு மணி இருக்கும், அத்தையின் போனில் மௌசியின் நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

நான்தான் அழுத்தினேன். மழைச் சத்தம். எங்கேயோ ஒரு சேவல். பிறகு மௌசி. இந்தமுறை கத்தவில்லை. மெதுவாக, விட்டு விட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. "ஜங்கல்" என்றாள். அப்புறம் "மர்கைலே" என்றாள். இன்னும் ஏதோ சொல்லி, மறுபடி "மர்கைலே" என்றாள்.

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது.

"மரக்கிள! மரக்கிளன்னு சொல்றாங்கமா! மாமா சொல்லிக்குடுத்திருக்காரு. ஜங்கல்னா காடு. காட்டுல மரக்கிள வெட்டுற வேலையில கீறாரு, அதான் போன் பண்ணல!"

அம்மாவின் முகம் அவிழ்ந்தது. "ஆமாண்டி, மரக்கிளன்னுதான் சொல்லுது" என்றாள். உடனே, "ஏன் அழுவுறா மாதிரி கீது?" என்றாள்.

"அழுவலமா. சளி. அங்க இப்ப பெரிய மழகாலம்" என்றேன். நோட்டை எடுத்துக் காட்டினேன். இயற்கை அமைப்பு என்ற தலைப்பின் கீழே அது இருந்தது.

அத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "வதினா, பாய்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வந்துடுறேன். அவருக்கு உருது தெரியும்ல" என்றாள்.

பாய் அரக்கோணம் சாலையில் பைக் மெக்கானிக். மாமாவின் சிநேகிதர். மாமா வேலையில்லாத நாட்களில் அங்கேதான் கிடப்பார். அத்தையும் நானும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனோம். பாய் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"வாம்மா. மாப்ள பேசனானா?"

அத்தை போனை நீட்டினாள். பாய் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தத்துக்காகப் போனைக் காதோடு வைத்துக் கேட்டார். கேட்டு முடித்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி ஓடவிட்டார். சாலையில் ஒரு காவடிக் கூட்டம் அரோகரா என்று கத்திக்கொண்டு போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "மரக்கிளன்னுதான சொல்றாங்க பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"ஆங். மரக்கிளதான் பாப்பா."

"வேற ஒண்ணும் சொல்லலீங்களா?" என்றாள் அத்தை.

"எங்க வூட்டு உருது வேற, இது வேறமா. சரியா புரியல. காட்டுக்குள்ள வேல. டவர் இல்ல. அதான்."

அத்தை போனை வாங்கிக்கொண்டாள். கிளம்பவில்லை. கையிலிருந்த காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே, "நாளைக்கு நான் காவடி எடுக்கலாங்களா பாய்?" என்று கேட்டாள்.

முருகனுக்குக் காவடி எடுக்க ஒரு முஸ்லிமிடம் உத்தரவு கேட்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. மடியிலிருந்த சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடும்மா" என்றார்.

வரும் வழியில் பூக்காரம்மாவிடம் நான் சேதியைச் சொன்னேன். "மரக்கிளையா? நல்ல சேதிதாண்டி" என்று அவள் நாலு முழம் அதிகமாகவே கட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் அத்தை மஞ்சள் புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு காவடி எடுத்தாள். அப்படி ஓர் அலங்காரத்தைக் கல்யாணத்தன்றுகூட அவள் செய்துகொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். நான் பக்கத்திலேயே ஏறினேன். ஏக், தோ, தீன் என்று ஆரம்பித்துவைத்தேன். அத்தை எண்ணவில்லை. இருபதுக்கு மேல் எனக்கு வராது, தெரியுமே, எடுத்துக்கொடு அத்தை என்று கேட்டேன். அவள் படியைப் பார்த்தே ஏறிக்கொண்டிருந்தாள். முருகன் சண்டை முடித்துக் கோபம் தணிந்து வந்து நின்ற மலை இது என்பார்கள். எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அத்தை மட்டும் ஒரு தடவைகூட அரோகரா சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் பாய் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா என்னைச் சர்க்கரை வாங்க அனுப்பினாள். வீட்டில் சர்க்கரை இருந்தது. திரும்பி வந்தபோது அம்மா தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தை அழாமல் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் போன் வந்தது, மரம் விழுந்து மாமா இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னார்கள். நான் நம்பினேன். முந்தாநாள்வரை நன்றாகக் கிளை வெட்டிக்கொண்டிருந்தவர்மேல் ஒரே நாளில் மரம் விழுந்துவிட்டதே என்று அழுதேன்.

உடல் வரவில்லை. அங்கேயே கடலோரத்தில் எரித்துவிட்டார்கள். அங்கிருக்கும் நம் ஜனங்களுக்கும் எரிக்கிற வழக்கம் உண்டு. நோட்டில் மக்கள் என்ற தலைப்பின் கீழே அதையும் எழுதினேன். அதுதான் கடைசியாக எழுதியது. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தையின் அண்ணன் வந்து அவளை நகரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அதற்குப்பிறகு பல வருடங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் இருந்தேன். அறைக்குப் பத்துப் பேர், பாதிப் பேர் வடக்கே இருந்து வந்த பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பீகார் சாப்ராக்காரிக்குப் போன் வந்தது. கேட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, விட்டு விட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சொன்னாள். அதில் அந்தச் சொல் இருந்தது. மர்கைலே.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"அவ அப்பா செத்துட்டாராம்" என்றாள் மற்றவள்.

சோறு வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் மாலை வரை வேறு கிடையாது. பாய் அன்று மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு யோசித்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிருத்திகை முடிகிறவரை சேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். அது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாத அத்தையைத் தீட்டோடு மலையேற்றிவிட்டாரே என்று ஒரு மாதம் அவர்மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

பிறகு ஒரு தடவை வேலை மாற்றிக்கொண்டு திருப்பதி வழியாக ரயில் பிடிக்கப் போனேன். நகரி தாண்டியதும் பஸ் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓரமாக நின்றது. பிள்ளைகள் உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஏக், தோ, தீன், சார். இந்தப் பக்கத்துப் பள்ளியில் இந்தி கிடையாது. ஆந்திராப் பக்கம் உண்டு. பஸ்ஸின் போர்டில் எழுத்து மாறுகிற இடத்தில் பாடமும் மாறிவிடுகிறது. அத்தை அங்கே பத்தாவது வரை படித்தவள். முட்டி போட்டுப் படித்தவள். முதல் தடவை கேட்டபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும். பாய் வேறு ஏதாவது சொல்லமாட்டாரா என்றுதான் போயிருக்கிறாள். அவர் மரக்கிளை என்றதும், நாளைக்குக் காவடி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அத்தையின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நான் இறங்கவில்லை.

அன்று மலையுச்சியில் காவடியை இறக்கி வைத்துவிட்டு அத்தை கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். தன் தலையிலிருந்த பூவை முழுவதும் எடுத்து, ஓர் இழைகூட விடாமல் எடுத்து, என் சடையில் வைத்துக் கொண்டை ஊசி குத்தினாள். "உனக்கு நல்லா கீது பாப்பா" என்றாள். அவ்வளவு பூ நான் அதுவரை வைத்ததே இல்லை. மரக்கிளை என்று நான் கண்டுபிடித்ததற்கு அத்தை கொடுத்த பரிசு அது என்று நினைத்துக்கொண்டு, பூ உதிராமல் கழுத்தை நேராக வைத்தபடி முன்னூற்று அறுபத்தைந்து படியும் இறங்கி வந்தேன்.